கடல்கன்னியின் இடது கை

என் மருமகள் பகலெல்லாம் மீன் வெட்டுகிறாள். சாயங்காலமானால் மீனுக்கு முகம் வைக்கிறாள். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். அவள் வரைந்த கடல்கன்னியைப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பெரிய கடையொன்றில் மீன் பகுதியில் அவளுக்கு வேலை. ரப்பர் பூட்ஸ், பிளாஸ்டிக் ஏப்ரன், இடது கையில் கத்தி படாத கம்பிக் கையுறை. ஐஸ் மேல் கிடக்கிற மீனை எடுத்து, வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதிலைச் சுரண்டுவாள். வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் டேப்லெட்டைத் தொடுவாள். சாப்பாட்டு மேசையின் ஓரம் அவளுடைய இடம். கண்ணாடிப் பலகை மாதிரி ஒன்று, அதில் வரைய ஒரு பேனா. மையும் இல்லை, சாயமும் இல்லை, மேசையில் ஒரு கறை விழாது. எனக்குப் பிடித்ததே அதுதான்.

கோடு தப்பிப் போனால் ஒரு தட்டுத் தட்டுவாள். கோடு இருந்த இடமே தெரியாது.

"இந்த மாதிரி ஒண்ணு அந்தக் காலத்துலயே இருந்திருந்தா உன் மாமனார் என்கிட்டேர்ந்து தப்பிச்சிருப்பாரும்மா" என்றேன்.

"அவர் தட்டுறதுக்குள்ள நீங்க பேனாவைப் பிடுங்கியிருப்பீங்க அத்தை" என்றாள். வாய் கொஞ்சம் நீளம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அவள் வரைகிற கடலில் எல்லாருக்கும் இடம் உண்டு. மூக்குக் கண்ணாடி போட்ட ஆக்டோபஸ், கடல்குதிரை ஓட்டும் குட்டி மனிதர்கள், முத்து விற்கிற நண்டு. பாசித்தாடி வைத்த கடல் கிழவர் என் மகனேதான்.

"எனக்கு ஏன் இவ்ளோ தொப்பை?" என்று அவன் கேட்டான்.

"தொப்பை இல்லீங்க, மிதக்குறதுக்குக் காத்து."

அந்தக் கிழவரைப் போனில் பார்த்துத்தான் நீச்சல் டீச்சர் மயங்கிப்போனார். எங்கள் தெருக்கோடியில் இருக்கிற நீச்சல்குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவர். வாசல் சுவர் முழுக்கக் கடல் படம் வேண்டும், அதில் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் இருக்க வேண்டும் என்றார். நடுவில் நிற்கிற கடல்கன்னிக்கு அவருடைய மகளின் முகம். குட்டி என்றுதான் எல்லாரும் அவளைக் கூப்பிடுவார்கள். அவளுக்குப் பிறக்கும்போதே இடது கை முட்டிக்குக் கீழே கிடையாது.

குட்டி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "என் கையை ஒட்ட வெச்சு வரையக்கூடாது. முடியால மறைக்கவும் கூடாது."

"உன் கை எப்படியோ அப்படித்தான்" என்று என் மருமகள் ஒப்புக்கொண்டாள்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. வரையும்போது நடுநடுவே படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்பாள். நேராகப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிவிட்ட கோணல், திருப்பினால் பளிச்சென்று தெரியுமாம். பார்த்துச் சரிசெய்துவிட்டு மறுபடி பழையபடி வைத்துவிடுவாள். கடல்கன்னியைத் தனியாக வரைந்தபோதும் அப்படித்தான் திருப்பினாள். திருப்பினவள் திரும்ப வைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நான்தான் சாப்பிடக் கூப்பிட்டேன் என்று என் மகன் சொல்கிறான். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடக் கூப்பிடாமல் பின்னே எப்போது கூப்பிடுவதாம்?

கடல்கன்னி திரும்பினபடியே பெரிய படத்துக்குள் போய் நின்றாள். அச்சடித்துத் தாள் தாளாகச் சுவரில் ஒட்டியும் ஆயிற்று. சுவர்ப்படத் திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு பார்க்கப் போனோம். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். சுவர் போன இடம் தெரியவில்லை. மேலே வலது மூலையிலிருந்து வெயில் தண்ணீருக்குள் இறங்குகிறது, வாலின் ஒவ்வொரு செதிலிலும் அது தட்டி மினுங்குகிறது. டீச்சர் கைதட்டினார். குட்டி மட்டும் சுவருக்குக் கிட்டே போய் ஒருமுறை, தள்ளி வந்து ஒருமுறை பார்த்தாள்.

"அக்கா, இது நான் இல்ல."

"ஏன்டா செல்லம்?"

"எனக்கு இந்தக் கைதானே இல்ல" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினாள். சுவரில் இருந்தவளுக்கு வலது கை இல்லை.

"படம்தானேடி" என்றார் டீச்சர்.

"எந்தக் கைன்னுகூட அக்கா பாக்கல. கை இல்லாத பொண்ணுன்னு மட்டும் பாத்திருக்காங்க."

என் மருமகளின் முகம் சுண்டிப்போயிற்று. நான் அவள் காதைக் கடித்தேன்: "கண்ணாடியில பாத்தா அப்படித்தானே தெரியும்? கண்ணாடி மாதிரி வரைஞ்சேன்னு சொல்லிடேன்." இன்றைக்கும் சொல்கிறேன், நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

அவள் கேட்கவில்லை. குட்டியின் முன்னால் போய்க் குந்தினாள். "பாத்துத்தான்டா வரைஞ்சேன். திருப்பினதைப் பழையபடி வைக்க மறந்துட்டேன். தப்பு என்னுது." சொல்லிவிட்டு எழுந்து, ஒட்டியிருந்த கடல்கன்னித் தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பித் தன் கையாலேயே உரித்து எடுத்தாள். மீன் தோல் உரிகிற மாதிரி சர்ரென்று வந்தது. நடுச்சுவர் வெள்ளையாக நின்றது.

"பொண்ணை மட்டும் திருப்பிப் போட்டா முடிஞ்சுது, ஒரு தட்டு" என்றான் என் மகன் வீட்டில். அது அவ்வளவு லேசில்லை என்று அப்புறம்தான் எனக்கும் விளங்கியது. அவளைத் திருப்பினால் அவள் மேல் விழுந்த வெயிலும் சேர்ந்து திரும்பிவிடுகிறது. கடலுக்கு வலப்பக்கம் வெயில், கன்னிக்கு இடப்பக்கம் வெயில். முகம், தோள், முடி, வால் என்று அத்தனை வெளிச்சத்தையும் அழித்து முதலிலிருந்து போட வேண்டும். ஆக்டோபஸின் கை வேறு அவள் கூந்தலில் சுற்றிக்கொண்டிருந்தது. திறப்பு நெருங்கிவிட்டது. என் மருமகளோ, குட்டி பக்கத்தில் உட்காராமல் பேனாவை எடுக்க மாட்டேன் என்று டீச்சருக்குச் சொல்லியனுப்பிவிட்டாள்.

குட்டி வந்தாள், மூஞ்சியை ஒரு முழத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு. நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். படத்தில் வெளிச்சம் ஏற ஏற நாற்காலி மெல்ல மெல்ல நெருங்கி வந்தது.

"நிறுத்துங்கக்கா. என் முட்டி இப்படி வழவழன்னு இருக்காது. இங்க ஒரு குழி இருக்கு."

"தொட்டுப் பாக்கலாமா?"

குட்டி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையை நீட்டினாள். என் மருமகள் விரலால் அந்தக் குழியைத் தடவிப் பார்த்தாள், மீனின் முள் எங்கே ஓடுகிறதென்று தடவிப் பார்ப்பாளே, அதே கவனத்தோடு. "துடுப்பு முளைக்கிற இடத்துல மீனுக்குச் செதில் பொடிப்பொடியா இருக்கும். இந்தக் குழியைச் சுத்தி அப்படிப் போடட்டுமா?"

"போடுங்க. ஆனா குழி தெரியணும்."

"தெரியும்."

இப்படி ஒருத்தி வரைய ஒருத்தி அதட்ட, மறுநாளும் அதற்கடுத்த நாளும் போயிற்று. கடைசியில் குட்டியே படத்தைத் திருப்பிப் பார்த்து, ஒரு கண் கீழே இறங்கியிருப்பதைக் கண்டுபிடித்தாள். சரிசெய்ததும் அவளே பழையபடி திருப்பி வைத்தாள். வைத்தாளா என்று என் மருமகள் ஒருமுறை, நான் ஒருமுறை பார்த்துக்கொண்டோம்.

புதுத் தாளும் சுவரில் ஏறிவிட்டது; திறப்பு அன்று பெற்றோர் கூட்டம் நெருக்கியடித்தது. குட்டி நீச்சலுடையில் வந்தாள். நேராகச் சுவருக்குப் போய், அதற்கு முதுகைக் காட்டி, கடல்கன்னி நிற்கிற மாதிரியே இரண்டு கையையும் விரித்து நின்றாள். அத்தனை பேரும் பார்த்தார்கள். அவள் அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அம்மா, பக்கம் சரியா இருக்கா?"

"இருக்குடி."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"பாத்துட்டேன்டி, சரியாத்தான் இருக்கு."

"முட்டி சூப்பர் அக்கா!" என்று கத்திவிட்டு ஓடிப்போய்த் தண்ணீரில் குதித்தாள்.

அவ்வளவுதான், மற்ற வாண்டுகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆளாளுக்குச் சுவரில் தன்னைத் தேடிப் பிடித்து மச்சத்தையும் தழும்பையும் சரிபார்க்கத் தொடங்கினார்கள். படத்தில் கடல்குதிரை மேல் இருந்த வாண்டு ஒன்று என் மருமகளின் புடவையைப் பிடித்து இழுத்தது.

"அக்கா, எனக்குப் பல்லு விழுந்தது இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்."

எனக்குப் பகீரென்றது. அவளோ சிரித்தபடியே குனிந்தாள்.

"எங்க, வாயத் திற. பாக்கலாம்."