முதல் மூன்று படங்கள்

யாரும் எங்களைக் கேட்கவில்லை. அதைத்தான் முதலில் சொல்லவேண்டும். உணவகங்களுக்கான சுகாதாரத் தரச் சான்று, விருப்பப்பட்டவர்கள் விண்ணப்பித்து வாங்குவது. திருமயத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சித்தி நடத்திய மெஸ்ஸுக்கு அது கட்டாயம் வேண்டும் என்று முடிவு செய்தது நான். உணவு அறிவியல் படித்து முடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கை சும்மா இருக்கவில்லை.

"ஆடிட்டர் வந்து பாப்பாரு சித்தி. சுத்தத்துக்குத் தக்கன சிரிச்ச மூஞ்சி படம் குடுப்பாங்க. அஞ்சு வரைக்கும் வாங்கலாம். வாசல்ல மாட்டணும்."

"வாசல்ல எம் மூஞ்சி ஒண்ணு பத்தாதாடி?" என்றாள் சித்தி, மீன் குழம்பைக் கிளறிக்கொண்டே.

சித்தப்பா போனபிறகு பதினோரு வருடமாகத் தனியாளாக அவள் நடத்திய கடை. அதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

மறுநாள் காலை, அடுப்பு பற்றவைக்கும் முன் செல்போனோடு சமையல்கட்டுக்குள் நுழைந்தேன். சரிசெய்யும் முன் உள்ளதை உள்ளபடி படம் எடுக்கவேண்டும் என்பது கல்லூரியில் படித்த பாடம். புகை படிந்த சுவர். வெறுந்தரையில் அரிசி மூட்டை. மாவு டிரம்முக்குப் பின்னால் இரண்டு கரப்பான். அந்த டிரம்மை நகர்த்தியதே நான்தான். வெளிச்சம் போதாமல் ஜன்னலையும் திறந்துவைத்து எடுத்தேன்.

அடுத்த சில வாரம் சித்தி என்னைவிட வேகமாக ஓடினாள். சுவருக்கு டைல்ஸ், மூட்டைக்கு அடியில் பலகை, தண்ணீர்ப் பரிசோதனை, டாக்டர் சர்டிபிகேட், தலைக்குத் தொப்பி.

"நர்ஸம்மா மாதிரி இருக்கேனா?"

"மாமியாரு மாதிரி இருக்க."

ஆடிட்டர் வந்த அன்று, "கறிக்கு ஒரு கத்தி, காய்க்கு ஒரு கத்தி வச்சிருக்கேன் சார்" என்று, அவர் கேட்பதற்கு முன்பே ஒப்பித்தாள். ஐந்து மூஞ்சியும் கிடைத்தது.

சந்தோஷம் தாங்காமல் ஆறு படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். முன்பு மூன்று, இப்போது மூன்று. கீழே மெஸ்ஸின் பெயர். யாரோ முதல் மூன்றை மட்டும் எடுத்து, 'இங்க சாப்பிடுறவங்க பாத்துக்கங்க' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. பொன்னமராவதி குரூப்புகள் வரைக்கும் அது போய்விட்டது.

எங்களுக்குத் தெரிந்தது மூன்றாம் நாள் மத்தியானம். வழக்கமாகச் சாப்பிட வரும் கண்டக்டர் உள்ளே வராமல் படியிலேயே நின்று செல்போனை நீட்டினார்.

"அக்கா, இது ஒங்க கடையா?"

சித்தி கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "எங் கடைதான் தம்பி. ஆனா அது பழசு. இங்கிட்டு உள்ள வந்து பாருங்களேன், எல்லாம் மாத்தியாச்சு."

"நா ஒங்களக் கொற சொல்லலக்கா. டிரைவர் அண்ணந்தான்... புதுக்கோட்டையில போயி சாப்பிட்டுக்கிறோம்."

அவர் போனதும், அது நான் எடுத்த படம் என்று சொன்னேன். சித்தி கத்துவாள் என்று நினைத்தேன்.

"எடுக்கும்போது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடி. கூட்டிப் பெருக்கி வச்சிருப்பேன்ல."

குரூப் குரூப்பாகப் போய்ப் புதிய படங்களைப் போட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் கேட்டார்: 'அப்ப இத்தன நாளா இதுலதான் ஆக்கிப் போட்டீங்களா?' படம் பொய்யில்லையே.

பெரிய சோற்றுப் பானை பரண் மேலே போனது. அடுத்த வாரம் நடுப்பானையும். ஒருநாள், போட்ட இலைகள் காலியாகக் கிடக்க, சித்தி வாசலைப் பார்த்துச் சொன்னாள்: "அஞ்சு பேரு சிரிக்கிறாங்க. திங்கத்தான் ஒருத்தரும் வரல." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் பாத்திரம் தேய்க்கும் பக்கம் போய்விட்டேன். பொங்கலுக்கு முன் கடையைக் காலி செய்தோம்.

இப்போது கல்யாண மண்டபங்களுக்குக் காய் நறுக்கப் போகிறாள். போன வாரம் நான் அவள் வீட்டுக்குப் போனபோது எனக்கு டீ போட்டாள். கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி கழுவினாள்.

"நல்லாத்தான் இருக்கு சித்தி, குடு."

"இருடி" என்று டம்ளரின் வாயை என் பக்கம் சாய்த்துக் காட்டினாள். "நீ பாத்துச் சொல்லு."

உள்ளே பார்த்தேன். ஒன்றுமில்லை என்றேன். அதற்குப் பிறகுதான் டீயை ஊற்றினாள்.