முதல் இறக்கத்தில் எடுத்த படம்

அந்தத் தீம் பார்க்கில் ரோலர் கோஸ்டரிலிருந்து இறங்குகிறவர்கள் வெளியே வரும் வழியில் ஒரு கண்ணாடி அறை உண்டு. உள்ளே ஒரு மேஜை, ஒரு திரை, ஒரு அச்சு எந்திரம், சுழலும்போது கிரீச்சிடும் ஒரு நாற்காலி. நாற்காலியில் இருப்பவளைப் பார்க்கில் எல்லோரும் படக்காரி என்றே அழைத்தார்கள். வண்டி மேட்டில் ஏறி முதல் இறக்கத்தில் விழும்போது, தண்டவாளத்தை ஒட்டிய மஞ்சள் கம்பத்தில் பொருத்தியிருக்கும் கேமரா வரிசை வரிசையாகப் படம் எடுக்கும். வண்டி வளைந்து நெளிந்து நிலையத்துக்குத் திரும்புவதற்குள் அந்த முகங்கள் அவள் திரைக்கு வந்துவிடும். கலங்கலானதை அழிப்பாள். அசிங்கமாக விரல் காட்டியவனை அழிப்பாள். மற்றதை வெளியே தொங்கும் பெரிய திரைக்கு அனுப்புவாள். கேட்பவர்களுக்கு அச்செடுத்து அட்டைச் சட்டத்தில் செருகிக் கொடுப்பாள்.

இப்படிப்பட்ட வேலையில் நெடுநாள் இருக்கிறவருக்கு மனித குலத்தைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் வர வழியில்லை. வாசலில் டிக்கெட் கிழிப்பவளிடம் "நான் யாருன்னு தெரியுமா?" என்று சீறிவிட்டு வந்த பெரிய மனிதர், படத்தில் கன்னம் ஒரு பக்கமும் வாய் இன்னொரு பக்கமுமாக, தான் யாரென்று தனக்கே தெரியாமல் தொங்கிக்கொண்டிருப்பார். வரிசையில் நிற்கும் வரை காதலியின் இடுப்பை விடாத வாலிபன், விழும்போது அவள் முகத்தில் முழங்கையால் இடித்துக்கொண்டு கம்பியைத் தேடுவான். ஆரம்பத்தில் அவளுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது. பிறகு சலித்தது. அதற்கும் பிறகு முகங்களை விட்டுவிட்டுக் கைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். முகம் எப்படி வேண்டுமானாலும் கோணும், அதைக் குற்றம் சொல்ல முடியாது. கை அப்படியில்லை, அது எங்கே போகவேண்டும் என்று முடிவெடுத்துவிட்டுத்தான் போகிறது. அப்பாவின் கை பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குப் போகாமல் தன் முன்னால் இருக்கும் கம்பிக்குப் போவதை அவள் நாள் முழுக்கப் பார்த்தாள். கீழே இறங்கியதும் அதே அப்பா, "பயந்துட்டியாடா? நான்தான் இருக்கேன்ல?" என்று கேட்பார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "ஆமா, நீ இருந்த. கம்பியோட" என்று முணுமுணுப்பாள்.

அவளுக்கு அடியோடு பிடிக்காத இனம் ஒன்று உண்டு. அடிக்கடி வந்து கேமரா எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டவர்கள். மஞ்சள் கம்பம் நெருங்கும்போது முடியை ஒதுக்கி, பல்லைக் காட்டி, பிள்ளையின் தோளில் கையைப் போட்டுக்கொள்வார்கள். கோழையை மன்னித்துவிடலாம், அவன் தன்னை மறைக்கவில்லை. பயத்தையும் ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறவனை என்ன செய்வது என்பது அவள் கட்சி.

வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அழாமல் இருக்க, நிர்வாகம் வழி நெடுக 'உங்களுக்குத் தெரியுமா?' என்று பலகைகள் மாட்டி வைத்திருந்தது. காத்திருக்கிறவன் கையில் கொடுக்கும் கிலுகிலுப்பை. அதற்கு அறிவு என்று பெயர் வேறு. படிக்க வேறொன்றும் இல்லாததால் அவள் எல்லாவற்றையும் படித்திருந்தாள். ரோலர் கோஸ்டரின் மூதாதை ஒரு குளிர் நாட்டின் பனிச்சரிவு. ஆட்கள் மரச் சறுக்குப் பலகையில் உட்கார்ந்து இறங்கினார்களாம். மேட்டில் இழுத்துவிட்ட பிறகு பெரும்பாலான வண்டிகளுக்கு எந்திரமே கிடையாது, மிச்சமெல்லாம் வெறுமனே விழுவதுதானாம். பழங்காலத்தில் தலைகீழ் வளையத்தை முழு வட்டமாகக் கட்டியதில் சவாரி செய்தவர்களின் கழுத்து வலித்ததால், இப்போது கண்ணீர்த் துளியின் வடிவத்தில் கட்டுகிறார்களாம்.

"கழுத்து வலிக்குதுன்னு வட்டத்தையே மாத்தியிருக்கான். எதுக்குடா தலைகீழாத் தொங்கணும்னு ஒருத்தன் கேக்கல பாரு" என்பாள்.

ஒரே ஒரு பலகை மட்டும் அவளுக்குப் பிடிக்கும். புதிய சவாரியை மனிதர்களுக்குத் திறந்துவிடும் முன் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்காரவைத்து ஓட்டிப் பார்ப்பார்கள் என்பது அது. அந்தப் பொம்மைகள்மேல் அவளுக்கு மரியாதையே இருந்தது. கத்துவதில்லை, இறங்கி வந்து பெருமையடிப்பதில்லை.

பள்ளி விட்டதும் அந்த அறைக்கு வந்துவிடும் அவள் மகளுக்குப் பலகைகள் மனப்பாடம். அம்மாவின் வியாக்கியானங்களும் மனப்பாடம். கணவன் எப்போதோ போய்விட்டான். அவன் போனதைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவனை ஒரு தடவை ரோலர் கோஸ்டரில் ஏற்றாமல் போனோமே என்று மட்டும் சொல்வாள். ஏற்றியிருந்தால் கையைப் பார்த்தே தெரிந்திருக்குமாம்.

இதெல்லாம் அவளோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். அப்பா அம்மா இல்லாத வீட்டில், அக்கா வளர்த்த தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டங்களுக்கு லென்ஸ் பொருத்துகிறவள். அவள் ஒருவரை விரும்பினாள். கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். அதிகம் பேசாதவர், நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு போகாதவர். அக்கா சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை என்று தங்கை சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான், அந்த வீட்டு ரத்தம் அப்படி.

அக்கா வேறெதையும் விசாரிக்கவில்லை. கூட்டமில்லாத ஒரு நாளில் இருவரையும் வரச்சொல்லி வண்டியில் ஏற்றிவிட்டாள்.

திரையில் படம் வந்தது. தங்கை இரண்டு கைகளையும் மேலே தூக்கி, முடி பறக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மெக்கானிக், மோவாயை மார்பில் புதைத்து, கண்ணை இறுக மூடி, இரண்டு கைகளாலும் கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கழிவறைப் பக்கம் அனுப்பிவிட்டுத் தங்கையை உள்ளே கூப்பிட்டாள் படக்காரி.

"இங்க பாரு. இவர் கை எங்க இருக்கு?"

"கம்பியில."

"நீ எங்க இருக்க?"

"பக்கத்துல."

"அது அவருக்குத் தெரியுமா?"

தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. "அவருக்கு உயரம்னா ஆகாதுக்கா. தினமும் லிஃப்ட் குழிக்குள்ள நின்னு வேலை பாக்கற ஆளு. விழுந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சவரு."

"தெரிஞ்சவர்தான் பக்கத்துல இருக்கறவளைப் புடிக்கணும்."

"ஏன்க்கா, வர்ற ஆளையெல்லாம் குழியில தள்ளிப் பாத்துத்தான் குணம் சொல்லுவியா? அவரு எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஆஸ்பத்திரி வராண்டாவுல ராத்திரி பூரா உக்காந்திருந்தாரே, அதுக்கு உன் கேமராவுல இடமில்லையா?"

"வராண்டா விழாதுடி."

"சரி. நீ ஏறியிருக்கியா?"

படக்காரி திரையில் இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"இத்தன வருஷமா கீழ உக்காந்துக்கிட்டு மேல போறவன் வர்றவனையெல்லாம் திட்டிக்கிட்டிருக்க. ஒரு தடவ ஏறிட்டு வா. வந்து வேண்டாம்னு சொல்லு, நான் அவரைப் பாக்கறதையே விட்டுடறேன். ஏறாம சொன்னா ஒத்துக்க மாட்டேன்."

"இதென்ன பெரிய விஷயம்?" என்று எழுந்தாள் அக்கா. எழுந்த வேகத்தைப் பார்த்தால் பெரிய விஷயம்தான் போலிருந்தது. ஐஸ்கிரீம் விற்கிறவளை அறையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பள்ளி விட்டு வந்திருந்த மகளையும் கூட்டிக்கொண்டாள், வண்டியில் ஏற அனுமதிக்கும் உயரக்கோலை அந்த வருஷம்தான் தாண்டியிருந்த அந்தப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. எதை நிரூபிக்கப் போகிறாளோ அதற்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை வேண்டும் அல்லவா?

வண்டியை ஓட்டும் ஆபரேட்டர் வாயைப் பிளந்தார். "என்ன படக்காரி, இன்னைக்கு நீயே சரக்கா?"

"பேசாம கம்பியை இறக்குய்யா."

முன் வரிசையில் தாயும் மகளும். அடுத்த வரிசையில் தங்கையும், தண்டனையை இரண்டாம் முறை அனுபவிக்க வந்த மெக்கானிக்கும். வண்டி கடகடவென்று ஏற ஆரம்பித்தது.

"அம்மா, கடைசியில உக்காந்தாத்தான் இறக்கத்துல நல்லா இழுத்துப் போடுமாம். முன்னாடி அவ்வளவு இருக்காதாம்" என்று பலகைப் பாடத்தை ஒப்பித்தாள் மகள்.

"முன்னாடியே போதும், வாய மூடு."

ஏறும்போது அவள் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். மரங்கள், கார் நிறுத்துமிடம், தன் அறையின் தகரக் கூரை எல்லாம் காலடியில் சிறுத்துக்கொண்டே போயின. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை கூச்சல் என்று நினைத்தாள். அப்புறம் எதிரே தண்டவாளமே இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு நடந்ததை அவளிடம் கேட்டால் சொல்லத் தெரியாது. வயிறு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. எங்கேயோ ஒரு பொம்பளை அலறிக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்தபோது மஞ்சள் கம்பம் பாய்ந்து வந்துகொண்டிருந்தது. அது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கை தானாக நீண்டு மகளின் மார்புக்குக் குறுக்கே போயிற்று, மோவாய் உயர்ந்தது, வாய் மூடிக்கொண்டது.

இறங்கியதும் மற்றவர்களை முந்திக்கொண்டு அறைக்குள் போனாள். திரையில் அவள் படம் நின்றது. அவள் இத்தனை காலம் அனுப்பிய படங்களில் அப்படி ஒன்று இல்லை. முடி கலைந்திருந்தது, முகம் கலையவில்லை. கண் திறந்திருந்தது. ஒரு கை கம்பியைத் தொடக்கூட இல்லை, மகளை அணைத்திருந்தது. திரையைத் தங்கை பக்கம் திருப்பினாள்.

"இப்ப என்ன சொல்ற?"

தங்கை பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கண் கலங்கியது. அந்தப் படத்தோடு தன் கல்யாணம் நின்றுபோயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது.

மகள் மேஜைக்கு இந்தப் பக்கம் எக்கிப் பார்த்தாள். "அம்மா, மஞ்சக் கம்பம் வந்தப்புறம்தான என்னைப் புடிச்ச?"

"என்னடி?"

"அதுக்கு முன்னாடி கம்பியத்தான் புடிச்சிருந்த. கண்ண மூடிக்கிட்டு 'ஐயோ நான் செத்தேன், நான் செத்தேன்'னு கத்துன. நான் உன் கையைத் தொட்டேன், நீ தட்டிவிட்ட." குற்றம் சாட்டும் குரலே இல்லை. பலகையில் படித்த இன்னொரு தகவலைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

 தங்கை மெல்லத் திரும்பி, வாசலில் நின்ற மெக்கானிக்கைப் பார்த்தாள். "நீங்க பின்னாடிதான இருந்தீங்க? பாத்தீங்களா?"

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "நான் எங்க பாத்தேன்? ஏறுனதுல இருந்து எறங்குற வரைக்கும் கண்ணையே தொறக்கல. குழந்தை பயத்துல ஏதோ சொல்லுது. அக்கா புடிச்சுத்தான் இருந்திருப்பாங்க."

படக்காரி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசையின் படத்தைத் தட்டினாள். இப்போதும் மெக்கானிக்கின் இரண்டு கைகளும் கம்பியில்தான். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஆனால் கண்கள் இரண்டும் அகலத் திறந்திருந்தன. அவை பார்த்தது கேமராவை அல்ல, முன் வரிசையை. படக்காரிக்கும் அவள் மகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியை அந்தக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் வெகுநேரம் அதைப் பார்த்தாள். அவருடைய கைகளைப் பற்றிச் சொல்ல அவளிடம் புதிதாக ஒன்றுமில்லை. கோழை, சந்தேகமில்லை. தன் கைகளை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அழகான படம் அது, நாள் முழுக்க அவள் காறித் துப்பும் அதே ஜாதிப் படம். அவரோ, தன்னை வேண்டாம் என்று சொல்லப்போகிறவளின் மானத்தைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லியிருந்தார். அதுவும் கேமரா வைத்திருக்கிறவளிடம். இவ்வளவு மட்டமான பொய்யை அவள் கேட்டதே இல்லை.

இரண்டு படங்களையும் அழித்தாள்.

"ஏம்மா? நல்லாத்தான இருந்துச்சு?" என்றாள் மகள்.

"நல்லா இருந்துச்சு, அதான்."

தங்கைக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். "சரிக்கா. நீ ஏறிட்ட. சொல்ல வேண்டியதைச் சொல்லிடு, நாங்க கெளம்பறோம்."

படக்காரி நாற்காலியைக் கிரீச்சென்று வாசல் பக்கம் திருப்பினாள். அவருக்கு ஒரு புகழ்ச்சி சொல்லலாமா என்று தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை.

"உங்களுக்குப் பொய்யும் வரல, தைரியமும் வரல" என்றாள். "முகமெல்லாம் வேர்த்து ஊத்துது. நிக்காதீங்க, வந்து ஃபேனுக்கு அடியில உக்காருங்க, மாப்ளே."

மெக்கானிக் நின்ற இடத்திலேயே நின்றார். தங்கைதான் பையைக் கீழே போட்டாள்.