முழுக்கைச் சட்டை

வேலைக்குப் புறப்படும்போது மற்றப் பெண்கள் நகை போடுவார்கள், நான் கழற்றுகிறேன். தோடு, சங்கிலி எல்லாம் மேசை லாச்சிக்குள் போய்விடும். தலைமயிரை இறுக்கிக் கொண்டை போட்டு, தடித்த துணியில் ஒரு முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வேன். "என்னப்பா, இண்டைக்கும் சண்டைக்கோ?" என்று என் கணவர் குசினிக்குள் சமைத்துக்கொண்டே கேட்பார். நான் போவது மெல்பேர்ணில், டண்டினொங்குக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு. சிறுவர் உளவியலில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறேன். கடைசி ஆண்டு முழுவதும் நேரடிப் பயிற்சி. வாரத்தில் பாதி பள்ளிக்கூடம், பாதி கிளினிக். ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களில் சிலர், "பிள்ளையளோட விளையாடுறதுக்கும் டொக்டர் பட்டமோ?" என்று ரெலிபோனில் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு நாள் வந்து விளையாடிப் பாருங்கள்.

இங்கே எனக்கு முதலில் சொல்லித்தந்தது எந்தக் கோட்பாடும் அல்ல, பிள்ளை கடித்தால் என்ன செய்வது என்பதைத்தான். கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, சதை கிழிந்துவிடும். கடிக்கிற வாயை நோக்கியே கையைத் தள்ள வேண்டும், தாடை தானாகத் திறக்கும். என் பயிற்சிக்குப் பொறுப்பான ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி என் கையைப் பிடித்து இதைச் செய்து காட்டினார். கடிக்கிற வாய்க்குள்ளேயே கையைக் கொடு என்கிறார்களே, இது என்ன படிப்பு என்று அன்று வீட்டுக்கு வந்து சிரித்தேன்.

ரூபியைச் சந்தித்த பிறகு அந்தச் சிரிப்புப் போய்விட்டது. எட்டு வயது, எலும்பும் தோலுமான பிள்ளை. கதிரையைத் தூக்கி எறிந்து ஓர் ஆசிரியையின் மூக்குக்கண்ணாடியை முகத்தோடு உடைத்தவள். பக்கத்தில் இருந்த பிள்ளையின் வயிற்றில் உதைத்து வாந்தி எடுக்க வைத்தவள். ஏற்கனவே ஒரு பள்ளிக்கூடம் அவளை அனுப்பிவிட்டது. இன்னொரு முறை யாருக்காவது இரத்தம் வந்தால் இங்கேயும் அவளுக்கு இடமில்லை என்று அதிபர் சொல்லிவிட்டார். அவளை அங்கே நிறுத்திவைப்பதுதான் என்னிடம் தந்த வேலை.

அவளுடைய தகப்பன் கூட்டத்துக்கு வந்தார். நல்ல உயரம், மென்மையான குரல், எனக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கி வந்திருந்தார். "என் மகள்மேல் நான் ஒருநாளும் கை நீட்டியதில்லை" என்றார். அது உண்மைதான். அதனால்தான் நான் ஏமாந்தேன். பூவரசம் கம்பாலும் இடுப்புப் பட்டியாலும் அடி வாங்காமல் எங்களில் யார் வளர்ந்தோம்? பிள்ளைக்கு அடிக்காத தகப்பன் எங்கள் கணக்கில் பாதிப் புனிதர். பக்கத்தில் தாய், இங்கே கோடை கொளுத்துகிற பெப்ரவரி வெயிலில், முழுக்கைச் சட்டையோடு குனிந்திருந்தார். நானும் முழுக்கைதான் போட்டிருந்தேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் விடும் நேரம், யாரோ அலுமாரிக் கதவை அறைந்து சாத்தினார்கள். அந்தச் சத்தத்தோடு ரூபி எழுந்தாள். முதலில் கதிரை பறந்து யன்னலில் மோதியது. பிறகு கத்தரிக்கோல். ஆசிரியை மற்றப் பிள்ளைகளை வெளியே தள்ளிக்கொண்டு ஓட, நான் குறுக்கே நின்றேன். வெக்கைக்குச் சட்டைக் கையை மடித்து விட்டிருந்தேன். முழங்கைக்குக் கீழே பல் இறங்கியது. உடம்பு முழுவதும் இழு இழு என்று கத்த, நான் அவள் வாய்க்குள் கையைத் தள்ளினேன். தாடை திறந்தது. அவள் உதட்டில் என் இரத்தம். அதைப் பார்த்து என்னைவிட அவள்தான் நடுங்கினாள்.

ஆசிரியை திரும்பி வந்து, "யூ ரைட்?" என்று கேட்டார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், என் பக்கம் நியாயம் இருக்கிறதா என்றுதான் இவர்கள் கேட்கிறார்கள் என நினைத்து நீண்ட விளக்கம் கொடுத்திருக்கிறேன். இப்போது தெரியும், சுகமா என்றுதான் கேட்கிறார்கள். சட்டைக் கையை இழுத்துவிட்டு, "ஓல் குட்" என்றேன்.

அவ்வளவு வேகமாக இழுத்துவிட என் கையை யாரும் இங்கே பழக்கவில்லை. எனக்குப் பதினாறு வயதில், மன்னாரில் எங்கள் வேலிக்கு வெளியே ஷெல் விழுந்து அதே கையில் ஒரு துண்டு சீவிக்கொண்டு போனது. அம்மா உப்புத் தண்ணீரால் கழுவி, சேலைத் துண்டால் கட்டி, அப்பாவின் முழுக்கைச் சட்டையை எனக்குப் போட்டுவிட்டார். "காயத்தைக் காட்டினா இயக்கத்திலை சண்டை பிடிச்சதெண்டு ஆளையே கொண்டுபோயிடுவாங்கள் பிள்ளை. சிரிச்சுக்கொண்டு நட" என்றார். இராணுவச் சாவடியில் கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். இரத்தம் சட்டைக்குள்ளால் அக்குள்வரை வழிந்தது. எங்களுக்கு முன்னால் போன பெடியனின் முழங்காலில் ஒரு வெட்டு இருந்தது. தலைமயிரில் பிடித்து வரிசையில் இருந்து இழுத்தார்கள். துவக்குப் பிடியால் வாயில் அடித்தபோது தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. நான் சிரித்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த நாள், பள்ளிக்கூடத்தில் எனக்குத் தந்திருக்கும் சின்ன அறையில், ரூபி களிமண்ணைப் பென்சிலால் குத்திக்கொண்டிருந்தாள். அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை. கொஞ்ச நேரத்தில் கிட்ட வந்து, என் சட்டைக் கையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"நீ யாருக்கும் சொல்லவில்லையா?"

"இல்லை."

"அம்மாவும் சொல்ல மாட்டாள்" என்றாள். "அப்பாவுக்குக் கோபம் முடிந்ததும் அவளும் இப்படித்தான் இழுத்துவிடுவாள்."

பிறகு எல்லாம் வந்தது. குளியலறைக் கதவில் அப்பா அம்மாவின் தலையை மோதியது. கார்க் கதவுக்குள் கையை வைத்துச் சாத்தியது. "நாயையும் சுவரில் அடித்தார். இப்போது எங்களிடம் நாய் இல்லை." அழவில்லை. ஒவ்வொன்றுக்கும் பென்சில் களிமண்ணில் இறங்கியது.

எனக்கு அவமானத்தில் காது சுட்டது. நேரே ஹெலனிடம் போய்ச் சட்டைக் கையை மடித்துக் காட்டி, கடியையும் ரூபி சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் காயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்தப் பிள்ளை வீட்டில் படிக்கிற பாடத்தையே நீயும் நடத்தியிருக்கிறாய்" என்றார். நியாயமான வார்த்தைதான், ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு என்ன தெரியும்? இங்கை காயத்தைக் காட்டினா அம்புலன்ஸ் வரும். எங்கட ஊரிலை ஜீப்தான் வந்தது!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். நான் செபம் சொல்வதாக நினைத்தாரோ என்னவோ, ஹெலன் தலையைக் குனிந்து நின்றார். பிறகு மருந்து போட்டுவிட்டார். சிறுவர் பாதுகாப்புத் திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுத்துவிட்டு இருவரும் அதிபரிடம் போனோம். கடியைச் சொன்னதோடு ரூபியின் இடம் போய்விடும் என்று பயந்தேன். எல்லாவற்றையும் கேட்ட அதிபர், "அவள் இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

ஆனால் அவளால் இருக்க முடியவில்லை. அன்று பிற்பகலே தாயும் ஓர் அதிகாரியும் காரில் வந்தார்கள். அதிகாரி தனியாக வைத்துக் கேட்டபோது தாயும் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். உடுப்பெல்லாம் ஒரு குப்பைப் பையில். தகப்பன் தேடி வராதபடி, போகும் இடம் எங்களுக்கும் தெரியக் கூடாது.

"நாளைக்கு நான் வருவேனா?" என்று ரூபி கேட்டாள்.

மன்னாரை விட்டு வெளிக்கிட்ட அன்று நானும் இதைத்தான் கேட்டேன். "ரெண்டு நாளிலை திரும்பி வந்திடலாம்" என்றார் அம்மா. அந்தப் பொய்யை இவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தெரியாது ரூபி" என்றேன். முழுப் பலத்தோடு என் காலில் ஓர் உதை விட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. அன்று நானும் யாரையாவது அப்படி உதைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை தகப்பன் வந்து, அலுவலகக் கண்ணாடியைக் கையாலேயே உடைத்தார். கோப்பி கொண்டு வந்த அதே கை, கிழிந்து தொங்கியது. "நீ வந்த இடத்துக்கே போ" என்று என்னைப் பார்த்து ஊளையிட்டார். பொலிஸ் அவரை உடைந்த கண்ணாடிமேலேயே குப்புறப் போட்டு அமத்தியது. போவதற்கு அந்த இடம் இல்லை என்று அந்த மனிதனுக்கு யார் சொல்வது? அவருடைய மகளுக்கும் இப்போது அப்படித்தான். பிறந்த நாட்டிலேயே அகதி.

போன ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாக அரைக்கைச் சட்டையோடு தேவாலயத்துக்குப் பூசைக்குப் போனேன். கோயில் வாசலில் வெயில் எரித்தது. தமிழ்ச் சனமும் மற்றச் சனமும் கலந்து நின்றன. எங்கள் ஊர் றெஜினா அன்ரி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பழைய தழும்பும் புதிய பற்தடமும் நாலு விரல் இடைவெளியில் கிடந்தன.

"ஐயோ பிள்ளை, இது அங்கத்தைய காயமோ, இங்கத்தைய காயமோ?"

"ஒண்டு அங்கத்தையது அன்ரி. மற்றது இங்கத்தையது."

அவர் அவசரமாகத் தன் சேலைத் தலைப்பை இழுத்து என் கைமேல் போட்டார். "மூடு பிள்ளை, சனம் பாக்குது."

"பாக்கட்டும் அன்ரி" என்று தலைப்பை எடுத்துவிட்டேன். அவர் என் கையை விடாமல் பிடித்திருந்தார். நானும் இழுக்கவில்லை.