ஸ்வெட்டருக்குள் இருந்த கருப்பு ரவிக்கை

என் கணவரின் அக்காவை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் மனம் மாறிக் கட்டிப்பிடித்து அழுதோம் என்று யாரும் எதிர்பார்த்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

அவளை நேரில் நான் நங்கையா என்றுதான் கூப்பிடுவேன், வாங்க போங்கதான். எழுதும்போது எதற்கு அந்த மரியாதை?

குன்னூர்ப் பக்கத்தில் நாங்கள் பட்டுச் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போடுகிறவர்கள். கல்யாணமென்றால் மணப்பெண் ஒருத்திதான் நடுங்கிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருப்பாள். மற்ற பெண்கள் எல்லோரும் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு சுகமாக இருப்போம். இதில் எங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. உள்ளே போட்டிருக்கும் ரவிக்கையை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆகவே சேலைக்குப் பொருத்தமாக ரவிக்கை தைக்கிற பழக்கமே எங்களிடம் கிடையாது. ஒரு கருப்பு ரவிக்கை இருந்தால் பெட்டியில் உள்ள அத்தனை பட்டுக்கும் அதுவே போதும். வெளுத்தாலும் கிழிந்தாலும் யாருக்குத் தெரியும்?

நங்கையாவின் மகனுக்குச் சென்னையில் கல்யாணம் வைத்தபோது, பழக்க தோஷத்தில் மாம்பழ மஞ்சள் பட்டோடு அந்தக் கருப்பு ரவிக்கையை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டேன். முகூர்த்தத்துக்கு உடுத்தும்போதுதான் மண்டையில் உறைத்தது. கருப்பு என்று சொன்னேனே தவிர அது சாம்பல் நிறமாகி வருஷங்கள் ஆகியிருந்தன. அக்குளில் வேறு துணி வைத்துத் தைத்திருந்தேன். மண்டபம் ஏசி. அந்தத் தைரியத்தில் வழியில் போட்டுவந்த ஸ்வெட்டரையே மேலே மாட்டிக்கொண்டேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். மலையிலிருந்து வந்தவர்களுக்கு ஏசி குளிருகிறதாம் என்றார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

போட்டோ எடுக்க மேடைக்குக் கூப்பிட்டார்கள். நங்கையா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"கழட்டு. என் பையன் ஆல்பத்துல ஸ்வெட்டரோட நிப்பியா?"

"வேண்டாமுங்க நங்கையா. நான் ஓரமா நின்னுக்கறனுங்க."

அவளே பொத்தான்களைக் கழற்றினாள். சம்பந்தி வீட்டுப் பெண்கள் முன்னால், நாதஸ்வரக்காரர் முன்னால், வீடியோ விளக்குக்கு முன்னால். கழற்றிவிட்டுச் சொன்னாள்: "இதான் எங்க ஊர் ஃபேஷன். மேல பட்டு, உள்ள கந்தல்."

மேடையே சிரித்தது. எனக்கு அழுகை வரவில்லை, உள்ளங்கை மட்டும் எரிந்தது. அவள் எங்கேயோ பிறந்து வளர்ந்தவளாக இருந்தால் தெரியாமல் செய்தாள் என்று விட்டிருப்பேன். அவள் பிறந்ததே நாங்கள் இப்போது இருக்கிற அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். கல்யாணமாகிச் சென்னைக்குப் போகும்வரை அவளுக்கும் ஒரே ஒரு கருப்பு ரவிக்கைதான். ஸ்வெட்டருக்குள் என்ன இருக்கும் என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தெரிந்துதான் கழற்றினாள்.

மறுநாள் அவள் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் பேச்சு ஊரைப் பற்றித் திரும்பியது. என் கணவருக்கு அடுத்த தை மாதம் ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கேத்தி போகிற பாதையில் ஒரு ஓட்டு வீட்டை நாங்கள் பார்த்துவைத்திருந்தோம். பின்னால் ஒரு பேரிக்காய் மரம், அதற்கும் கீழே தேயிலைச் சரிவு. நான் மனதுக்குள் அந்த வீட்டில் குடியேறி அடுப்பு மேடையைக்கூட மாற்றிக் கட்டியாகிவிட்டது. நங்கையாவோ தன் தெருவிலேயே ஒரு ஃப்ளாட் வாங்கச் சொன்னாள்.

"அதெல்லாம் ஒரு ஊரா? ஆறு மணிக்குக் கதவைச் சாத்திட்டு உக்காரணும். அங்க என்ன இருக்கு, கேரட்டும் குளிரும்தானே? இங்க பாரு, ஆஸ்பத்திரி தெருமுனையில இருக்கு. நல்ல துணிமணி கிடைக்குது. நாலு பேரைப் பார்த்து உடுத்திக்கவாவது இவ கத்துக்குவா."

அதைச் சொன்னபோது அவள் நைட்டி போட்டு அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தாள். சற்றுமுன் அதே கோலத்தில் கடைக்குப் போய்த் தயிர் வாங்கிவந்திருந்தாள். நாலு பேரைப் பார்த்து நான் கற்க வேண்டிய உடை அதுதான். குளித்துவிட்டு வருவதற்குள் மறுபடி குளிக்க வேண்டியிருக்கிற ஊரில் வேறு எதைத்தான் உடுத்துவது? நான் எழுந்து எச்சில் தட்டுகளை எடுத்தேன். என் கணவர் அக்காவிடம், "பொண்ணு நிச்சயம் முடியட்டுங்கக்கா, சொல்றேன்" என்றார்.

எங்கள் மகளுக்கு ஊட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. ஆனி மாதம் நிச்சயதார்த்தம். அத்தை வராமல் நடக்குமா? போனில் அரைமணி நேரம் தன் புது ரவிக்கையைப் பற்றிச் சொன்னாள். முதுகில் ஜன்னலாம், அதிலிருந்து இரண்டு குஞ்சம் தொங்குமாம், கை முழுக்க மணி கோத்திருக்கிறதாம். கடைசியில் கேட்டாள்: "அங்க இப்ப குளிருமா? ஸ்வெட்டர் எடுத்துவைக்கணுமா?"

அந்த நேரத்தில் எங்கள் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்காமல் இருக்க நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, முந்தானையால் போனை மூடிக்கொண்டு பேசினேன்.

"குளிரெல்லாம் எங்கீங்க நங்கையா? ஊரே மாறிப்போச்சுங்க. நாங்களே ஃபேன் வாங்கிட்டமுங்க."

"அதானே. டிவிலகூடச் சொன்னாங்க, ஊட்டியும் மெட்ராஸ் மாதிரி ஆயிடுச்சுன்னு."

எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்! ஊட்டி கெட்டுப்போனது அவளுக்கு இனித்தது. நான் போனை வைத்துவிட்டு, என் கணவர் ராத்திரி ஷிஃப்டுக்குப் போட்டுப்போகும் காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டரைத் துவைத்தேன். முழங்கையில் இரண்டு பக்கமும் ஒட்டுப் போட்டது. மழையில் எதுவும் காயாது என்பதால் விறகடுப்புக்கு மேலே கொடியில் போட்டு ஒரு வாரம் காயவைத்தேன். புகை நன்றாக ஏறட்டும் என்றே விட்டேன்.

நிச்சயத்தன்று காலையில் ரயிலில் மேட்டுப்பாளையம் வந்து, காரில் நேராக ஊட்டி மண்டபத்துக்கு வந்திறங்கினாள். குடை காற்றில் திரும்பிக்கொண்டது. மண்டபத்துக்குள் எல்லாப் பெண்களும் பட்டுக்கு மேல் ஸ்வெட்டர். இவள் மட்டும் ஜன்னலும் குஞ்சமுமாக. கதவு திறக்கும்போதெல்லாம் காற்று நேராக அந்த ஜன்னலைத் தேடித்தான் போனது. சேலைத் தலைப்பை இழுத்து முதுகை மூடினாள். மணி வேலை தெரியவேண்டுமே என்று கையை மட்டும் வெளியே விட்டாள். பிறகு அதையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். தட்டு மாற்றும் நேரத்தில் அவள் பல் அடித்துக்கொள்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவளாக வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

கேட்டாள். முப்பது வருஷமாக மறந்துபோன பேச்சு தானாக வந்தது.

"ஏம் புள்ள, ஸ்வெட்டர் ஒண்ணு இருந்தாக் குடு புள்ள."

பையில் தயாராக இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். முழங்கால்வரை தொங்கியது. அப்போது போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். அவள் தோளைப் பிடித்தேன். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"கழட்டிட்டு நில்லுங்க நங்கையா. என் பொண்ணு ஆல்பத்துல ஸ்வெட்டரோடவா நிப்பீங்க?"

அவளுக்குப் புரிந்தது. என் கையைத் தடுப்பதுபோலப் பொத்தான்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் புள்ள" என்றாள். அப்படியே கேமரா விளக்கு அடித்தது. ஜன்னலும் மணியும் படத்தில் விழவேயில்லை. அன்றைய பந்தியில் நான் இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்று மாலையே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இழுப்பும் சேர்ந்துகொண்டது. குவார்ட்டர்ஸில் எங்கள் கட்டிலில் மூன்று கம்பளிக்குள் கிடந்தாள். என் கணவர் வெந்நீர் வைப்பதும் நெஞ்சில் தைலம் தேய்ப்பதுமாக இருந்தார். அக்கா மூச்சுக்குத் தவிப்பதை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

"நான் இங்கயே பொறந்தவ" என்றாள் அவள், விட்டு விட்டு. "எனக்கே இப்படின்னா, நாளைக்கு உங்க கதி என்னடா?"

அவர் தைலக் குப்பியை மூடிவைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "அக்கா சொல்றதுதான் செரின்னு படுது. வயசான காலத்துல இந்தக் குளிரு நமக்கு ஆகாது. மெட்ராஸுக்கே போயரலாம். நீ என்ன புள்ள சொல்ற?"

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். குளிரவில்லை என்று நான்தான் பொய் சொன்னேன், முதலிலேயே ஒரு ஸ்வெட்டர் இருந்திருந்தால் இவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று. ஓட்டு வீடு எனக்குக் கிடைத்திருக்கும். கம்பளிக்குள்ளிருந்து அவள் என்னையே பார்த்தாள். போனில் நான் சொன்னதை அவளும் தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் கட்சி விழுந்துவிடும். நான் சொன்னால் அவள் முன்னால் என் தலை விழுந்துவிடும். சொல்லேன் பார்க்கலாம் என்றுதான் அந்தக் கண் இருந்தது.

"உங்க இஷ்டமுங்க" என்றேன்.

இப்போது அவள் தெருவிலேயே இருக்கிறோம். நைட்டிக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு நானும் கடைக்குப் போய்த் தயிர் வாங்குகிறேன். முதல் தடவை பார்த்தபோது அவள் பால்கனியிலிருந்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கட்டும். நிச்சயதார்த்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். நடுவில் அவள், முழங்கால்வரை தொங்கும் ஸ்வெட்டரில், மூக்கு சிவந்து, பொத்தான்களை இறுக்கிப் பிடித்தபடி. யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். எடுத்துவிடேன் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

பேரிக்காய் மரத்து வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அதைப் பற்றி நானும் நங்கையாவும் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வரும்போது ஃபேனைப் போட்டு, காப்பி கலந்து கொடுத்து, படத்துக்கு நேர் எதிரே இருக்கும் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறேன்.