நான் அம்மாவாக இருந்த இரண்டு வருஷம்

என் தம்பி என்னை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது.

புதுவாயலிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். நைனாவுக்கு ஏரிக்குக் கீழே மூன்று ஏக்கர் நெல் நிலம் இருந்தது. தம்பி பிறந்த பிறகு அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கஷாயத்தில் ஆரம்பித்து எக்ஸ்ரேயில் போய் முடிந்தது. காசநோய்க்காரர்களை வைத்துப் பார்க்கும் சானடோரியத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பிக்கு அப்போது பதினோரு மாதம். அதுவரை பால் குடித்துக்கொண்டிருந்தவனை ஒரே நாளில் நிறுத்தினார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மாட்டு வண்டியில் ஏறினாள். குழந்தையைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பொதட்டூர்பேட்டையிலிருந்து அத்தை வந்து ஒரு மாதம் இருந்தாள். பிறகு தன் வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். போகும்போது நைனாவிடம், "அதான் பெரிய பொண்ணு கீறாளே, இன்னா பயம் உனக்கு?" என்றாள். அந்தப் பெரிய பெண் நான்தான். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. போகாமல் இருந்தேன். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை.

சோற்றைக் குழைத்து ஊட்டினேன். பேதி போனால் துணி அலசினேன். ராத்திரியில் அவன் என் இடது காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவான். பல் முளைத்தபோது என் தோளைக் கடித்தான். எதிர் வீட்டுப் பெண்மணி பார்த்துவிட்டு, "பெத்தவ கூட இந்த மாதிரி பாத்துக்க மாட்டா" என்றாள். அந்த வாய்ச்சொல்லை நான் பல நாள் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை அப்படிப் புகழ்ந்ததில்லை.

அவனுக்குப் பேச்சு வந்தபோது முதலில் வந்த சொல் அம்மா. என்னைப் பார்த்துத்தான் சொன்னான். கேட்டவர்கள் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. "அக்கான்னு கூப்டச் சொல்லிக் குடுடி" என்றார். சரி என்று தலையாட்டினேன். சொல்லிக் கொடுக்கவில்லை.

நைனா மாதம் ஒரு தடவை சானடோரியம் போய் வருவார். வந்ததும் கிணற்றடியில் தலைக்குக் குளித்து, வேட்டியை வெந்நீரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அதுவரை தம்பியைக் கிட்டே விடக்கூடாது என்பது எனக்கு உத்தரவு. அம்மா தனக்குக் கொடுக்கும் ரொட்டியில் கொஞ்சம் மிச்சம் பிடித்துத் துணியில் முடிந்து தம்பிக்கு அனுப்புவாள். அதைக் கோழிக்குப் போடச் சொல்வார் நைனா. "பையன் துன்னானான்னு கேட்டா, நல்லா துன்னான்னு சொல்லியிருக்கேன்" என்பார். பையன் தன்னைத் தேடுகிறானா என்றும் அம்மா கேட்பாளாம். அதற்கும் நைனா ஆமாம் என்றே சொல்லியிருக்கிறார். அவள் தெம்பாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பொய்யும் சீட்டில் எழுதாத ஒரு மருந்தாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அம்மா திரும்பி வந்தாள். புதுவாயல் கடைத்தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கியவளை எனக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. எலும்பும் தோலுமாகப் போனவள் கன்னம் உப்பி, நிறம் வெளுத்து, யாரோ டவுன்காரி மாதிரி இருந்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். "வாடா கண்ணு, அம்மாகிட்ட வாடா" என்றாள்.

தம்பி என் பாவாடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அங்கிருந்து என்னைப் பார்த்து, "யாரும்மா இது?" என்றான்.

டீக்கடையில் நின்றிருந்தவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நீட்டிய கை மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

ஒரு வாரம் அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். அதிரசம் சுட்டாள். கன்றுக்குட்டியைக் காட்டினாள். அவள் ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொண்டான். நான் ஊட்டினால் தின்றான். ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஒரு இனிப்பு இறங்கியது. அதை மறைக்க மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுவேன்.

ஆனாலும் எனக்குப் பயம்தான். அதிரசத்துக்கு அவன் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் மசிந்துவிடுவான் என்று தெரிந்தது. ஒரு மத்தியானம் அவன் காதில், "அவங்ககிட்ட போனா உனுக்கும் இருமல் வந்துடும். ஊசி போடுவாங்க" என்று சொல்லிவைத்தேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வருஷமாகப் பெரியவர்கள் எனக்குச் சொன்னதைத்தான் நான் அவனுக்குச் சொன்னேன்.

மறுநாள் காலையில் அம்மா அவனைத் தூக்க வந்தபோது அவன் உடம்பை விறைத்துக்கொண்டு கத்தினான். "போ! உன்கிட்ட வந்தா இருமல் வரும்னு அம்மா சொல்லிச்சி!"

அம்மா அவனை இறக்கிவிட்டாள். என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் அடுப்பங்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் நைனா வயலிலிருந்து வந்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"இவ இங்க இருக்கற வரிக்கும் அவன் என்கிட்ட வர மாட்டான்."

அத்தைக்கு ஆள் போனது. பொதட்டூர்பேட்டையில் நல்ல பள்ளிக்கூடம் இருப்பது எல்லோருக்கும் திடீரென்று நினைவு வந்தது. இரண்டு வருஷம் யாருக்கும் ஞாபகம் வராத என் படிப்பு அந்த ஒரு வாரத்தில் பெரிய கவலையாகிவிட்டது.

தம்பி மத்தியானம் தூங்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்பச் சொன்னார்கள். என் காதைப் பிடித்தபடியே தூங்கியிருந்தான். அம்மா குனிந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நான் தலையை இழுத்துக்கொண்டதும், நான் படுத்திருந்த இடத்தில் தான் படுத்து, அந்தக் கையைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். நைனா டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அவன் எட்டு நாள் அழுதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு அதைக் கேட்டதில் ஒரு திருப்தி இருந்தது. ஏன் எட்டே நாள் என்றும் இருந்தது.

பொங்கலுக்கு அத்தையோடு ஊருக்கு வந்தேன். பஸ்ஸில் திருத்தணி, திருவள்ளூர் என்று ஊர் மாற மாற அவன் என்ன செய்வான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். ஓடி வந்து கட்டிக்கொள்வான், இல்லை, கோபித்துக்கொண்டு ஒளிந்துகொள்வான். இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

அவன் ஒளிந்துகொள்ளவில்லை. கூப்பிட்டதும் வந்தான். மடியில் உட்கார்ந்தான்.

"நான் யாரு, சொல்லு?" என்றேன்.

"அக்கா" என்றான்.

சரியாகச் சொன்னதற்கு எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குள் கரும்பு விற்கிறவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து வாடா என்றார். என் மடியிலிருந்து இறங்கி அவர் மடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அத்தை கூப்பிட்டாள், அவளிடம் போனான். போகும்போது யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்பல்லாம் அழுவறதே இல்ல. யார் கூப்ட்டாலும் போறான்" என்றாள் அம்மா பெருமையாக. எதிர் வீட்டுப் பெண்மணி, "தங்கமான புள்ள" என்றாள். நான் கன்றுக்குட்டி கட்டியிருந்த இடத்துக்குப் போய் அழுதேன். என்னை மறந்துவிட்டான், நன்றி கெட்டவன் என்று அழுதேன்.

அவனுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. யாரிடமும் அவன் சண்டை போட்டதில்லை. அம்மா இறந்தபோது வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து உபசரித்தான். அவன் மனைவி ஒரு முறை என்னிடம், "என்னை நல்லாத்தான் வெச்சிருக்கார் அண்ணி. நான் நாளைக்கே போயிட்டாலும் இதே மாதிரி நல்லாத்தான் இருப்பார்" என்றாள்.

நாலு வயது ஆவதற்குள் அவன் இரண்டு அம்மாக்களைத் தொலைத்திருந்தான் என்று அந்தப் பொங்கலில் எனக்குத் தெரியாது. மூன்றாவதாக யாரையும் அவன் தன் மனதுக்குள் விடப் போவதில்லை என்பதும் தெரியாது. இன்னொன்றும் தெரியாது. புதுவாயலில் பஸ்ஸை விட்டு இறங்கி அம்மா கை நீட்டியபோது, அவளைப் பிரிந்து இரண்டு வருஷமான குழந்தை அங்கே இன்னொன்றும் பாவாடை கட்டிக்கொண்டு நின்றிருந்தது. அதை வா என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லையே என்று அதற்கும் தோன்றவில்லை.