திராட்சைப் பந்தலுக்கு மேலே வந்த சிக்னல்

தேவன் செய்த இந்த நன்மையைச் சொல்லாமல் இருந்தால் என் நெஞ்சு வெடித்துவிடும், பிரியமானவர்களே.

தேனிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் ஆசிரியை. கம்பியில்லாமல் தகவல் அனுப்பும் சென்சார்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். போர்டில் படம் போட்டு நடத்துவது எனக்குப் பிடிக்காது. அதனால் போன வருடம் மூன்றாமாண்டுப் பிள்ளைகளைச் சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டத்துக்கே கூட்டிப்போனேன். மண் ஈரத்தைச் சொல்லும் டப்பாக்களைப் பந்தல் கால்களில் கட்டினோம். கொடிகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்து பந்தல் மொட்டையாக இருந்த நேரம். மோட்டார் அறையில் வைத்த லேப்டாப்புக்கு எல்லா டப்பாவும் ஜோராகத் தகவல் அனுப்பின.

சில வாரங்களில் ஒவ்வொன்றாக ஊமையாயின. பேட்டரியை மாற்றினோம், புரோகிராமை மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை நானே வந்து பாப்பேன். ஓடலைன்னா தோட்டத்த விட்டுட்டு வகுப்புலயே நடத்துங்கம்மா" என்றார் கல்லூரி முதல்வர்.

பிள்ளைகள் சோர்ந்துபோனார்கள். வியாழன் காலை மோட்டார் அறைக்குள் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, நான் படித்த படிப்பெல்லாம் தீர்ந்துபோச்சு. நீர்தான் வழிகாட்ட வேண்டும்" என்று அழுதேன்.

எழுந்து வெளியே வந்தால், தோட்டக்காரர் முத்தையா அண்ணன் நிற்கிறார். "டீச்சரம்மா, மருந்தடிக்க ஆளுக வந்துட்டாக. ஒங்க டப்பாவ எல்லாம் அங்கனருந்து எடுங்க."

எனக்கு வந்ததே கோபம்! உதவி கேட்டால் இடைஞ்சலா அனுப்புவீர் என்று ஆண்டவரிடமே சண்டை போட்டேன்.

மற்றவர்கள் கழற்றினார்கள். என் மாணவி காவ்யாவுக்கு மட்டும் மனம் வரவில்லை. மண்ணில் புதைத்த முனையிலிருந்து டப்பாவுக்கு வரும் வயரை ஒட்டுப்போட்டு நீட்டி, டப்பாவைப் பாலித்தீன் பையில் சுற்றி, மூங்கில் கழியில் கட்டிப் பந்தலுக்கு மேலே நிறுத்தினாள்.

"மேடம், சிக்னல் வருது!" லேப்டாப் பக்கமிருந்து கத்தினார்கள்.

அப்போதுதான் உறைத்தது. கவாத்துக்குப் பின் தழைத்த இலைகளில் இருக்கும் நீர் டப்பாக்கள் அனுப்பிய அத்தனை சிக்னல் அலைகளையும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது! ஸ்தோத்திரம் என்று கத்தியே விட்டேன். மருந்தடித்து முடித்ததும் எல்லா டப்பாவும் கழியேறின.

வெள்ளிக்கிழமை முதல்வர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் ஒரு வரிசைக்குத் தண்ணீர் திறந்தார். திரையில் அந்த வரிசையின் ஈரம் ஏறியது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பந்தலே அதிர்ந்தது. "இனி எல்லா வருசமும் இங்கனயே நடத்துங்க" என்றார் முதல்வர்.

இப்போதும் எனக்குக் கோபம் வரும். ஆனால் ஸ்தோத்திரம் சொன்ன பிறகுதான் வரும். நீங்களும் நம்பிக் கேளுங்கள். ஜெபித்து எழுந்ததும் எதிரே நிற்கிறவரைத் திட்டி அனுப்பிவிடாதீர்கள். பதிலைக் கொண்டுவந்தவர் அவராகவே இருக்கலாம்.