திரும்பி வரும் நாற்பது பேர்

"ராஜாவைப் பார்க்கப் போனவங்க எல்லாம் எப்ப வீட்டுக்குத் திரும்பி வருவாங்க?"

எங்கள் கூடத்தில் மாட்டியிருந்த பழைய பாணி அரசவைப் படத்தைப் பார்த்துத் தங்கை கேட்டாள். "போய்ப் பாடத்தைப் படி" என்று சொல்லிச் சமாளித்தேன். பதில் ஓர் ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்தது. அந்தச் சுவரை வரைந்தவரின் கதை இது.

அவரை எல்லாரும் பெயிண்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தெட்டு. அப்பா நடத்திய படப் பட்டறையில் பதினாறு வயதில் வந்து உட்கார்ந்தவர். நீளமான ஓர் அறை, மூன்று ஜன்னல், இரண்டு மேஜை, எப்போதும் பசை வாடை. அவ்வளவுதான் பட்டறை. அங்கே வரைவதும் பெரும்பாலும் ஒரே படம்தான். வலது ஓரத்தில் சிம்மாசனம். அதை நோக்கி நாற்பது பேர் கையில் காணிக்கையோடு வரிசையாக நடந்துபோவார்கள். எல்லாருக்கும் பக்கவாட்டு முகம், காதுவரை நீண்ட கண், செக்கச்செவேலென்று பின்னணி. நிழல் என்பதே கிடையாது. நாற்பது மூக்கும் வலது பக்கம் பார்க்க வேண்டும் என்பது சட்டம். ஒரு மூக்கு இந்தப் பக்கம் திரும்பினாலும் படம் வரைந்த பலகையைத் தூக்கி மூலையில் வைத்துவிடுவார்கள். அப்பாவுக்குப் பிறகு பட்டறையை எடுத்து நடத்திய அண்ணன் இந்த விஷயத்தில் அப்பாவைவிடக் கறார்.

"இவ போட்ட மூக்கையெல்லாம் வரிசையா நிக்கவெச்சா ஊரைச் சுத்தி ஒரு வேலி போட்டுடலாம்" என்பார் பெயிண்டரம்மாவின் கணவர். அவர் இரும்பு கேட் செய்கிறவர். எதைப் பார்த்தாலும் வேலிதான் ஞாபகம் வரும்.

ஒரே படத்தை அத்தனை வருஷம் வரைந்தால் கை தானாக ஓடும். மனசு சும்மா இருக்குமா? ஒருநாள் பெயிண்டரம்மா வரிசையில் பதினாறாவது ஆளின் கையில் இருந்த தட்டை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தார். அண்ணன் பார்த்துவிட்டார்.

"இது என்னம்மா?"

"ஹெல்மெட்டுண்ணே."

"ராஜாவுக்கு எதுக்கு ஹெல்மெட்டு?"

"ராஜாவுக்கு இல்லண்ணே. இவன் பைக்கை வெளிய நிறுத்திட்டு வந்திருக்கான்."

அண்ணன் சிரிக்கவில்லை. அந்தப் பலகையை எடுத்துப்போய்ச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

அதற்குப் பிறகு பெயிண்டரம்மா பட்டறை வேலை முடிந்ததும் வீட்டு முன்னறையில் தனக்கென்று வரைய ஆரம்பித்தார். கோடு பழைய கோடு, சிவப்பும் பழைய சிவப்புதான். ஆனால் நடந்துபோகிறவர்கள் இன்றைக்கு இருக்கிறவர்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள், பேங்க்கில் டோக்கன் வாங்கியவர்கள், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனில் பேசுகிறவர்கள். பழைய படத்தில் ஓர் அங்குல இடம்கூடக் காலியாக இருக்காது. இவரோ பாதிப் பலகையைச் சாம்பல் நிறத்தில் ரோலர் ஓட்டி வெறுமையாக விட்டுவிடுவார். அந்த வெறுமைக்குள் ஆட்கள் நடந்தால் அவர்கள் எங்கோ நிஜமாகவே போவது போலிருக்கும்.

அண்ணன் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "பழசும் இல்ல, புதுசும் இல்ல. உன்னை நம்பி யாராவது ஒரு சுவரைக் குடுக்கட்டும், அப்ப வந்து பார்க்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது முள்ளாகத் தங்கிவிட்டது.

சுவர் கேட் வழியாக வந்தது. ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ், எல்லாரும் பெரிய சிஸ்டர் என்று கூப்பிடுகிறவர், தன் வீட்டுக்கு கேட் செய்யச் சொல்லலாம் என்று வந்தார். கேட்டை மறந்துவிட்டு முன்னறைப் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கணவருக்கு அளவு எடுக்கவேண்டிய அவசரம்.

"மேடம், கேட்டு எத்தனை அடி அகலம்?"

"இருங்க சார். இது யார் வரைஞ்சது?"

டயாலிசிஸ் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் இருபத்துநாலு அடி நீளத்துக்கு ஒரு சுவர் வெறுமையாக இருந்தது. அதற்கு வெளிர்பச்சை அடிக்கப் பதினைந்து நாளில் ஆள் வருவதாக ஏற்பாடு. அதற்குள் வரைந்து முடித்து, பெரிய டாக்டருக்கும் பிடித்திருந்தால் படம் இருக்கும். இல்லாவிட்டால் பச்சைதான். பெயிண்டரம்மா அன்று இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்தார்.

முதலில் இரண்டு நாள் அந்தக் கூடத்தில் சும்மா உட்கார்ந்து பார்த்தார். வாரத்துக்கு மூன்று தடவை வருகிறவர்கள். உள்ளே போகுமுன் எடை பார்க்கும் மெஷினில் ஏறுவார்கள். கையில் சொந்தப் போர்வை, பிளாஸ்க், ஃபைல், போன் சார்ஜர். நாலு மணி நேரம் கழித்து முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக வருவார்கள். பெயிண்டரம்மாவுக்குப் படம் அங்கேயே கிடைத்துவிட்டது. அதே நாற்பது பேர். காணிக்கைக்குப் பதிலாகப் போர்வையும் பிளாஸ்க்கும். கையில் பஞ்சுக் கட்டு. சுவரின் வலது ஓரத்தில் சிகிச்சை அறையின் கதவு, அதாவது சிம்மாசனம் இருக்கவேண்டிய இடம். இடது ஓரத்தில் வெளியே போகும் வாசல். எல்லாரும் வலது பக்கம் பார்த்துத் தைரியமாக நடப்பார்கள். எதை மாற்றினாலும் அந்தச் சட்டத்தை மட்டும் அவர் மாற்றவில்லை.

வரைந்ததைச் சுவருக்குக் கொண்டுபோவதும் பட்டறை வழக்கப்படிதான். முழு அளவில் தாளில் வரைந்து, கோடு போகும் வழியெல்லாம் ஊசியால் துளை போட வேண்டும். தாளைச் சுவரில் ஒட்டி, கரித்தூள் கட்டிய துணிப் பொட்டலத்தால் மேலே தட்டினால் தூள் துளைவழியே இறங்கிச் சுவரில் புள்ளி புள்ளியாகப் படம் விழும். அந்தப் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட வேண்டியதுதான். ஆறு தாள், ஒன்றிலிருந்து ஆறுவரை நம்பர். துளை போடுவதில் துணைக்கு நின்றவர் நாத்தனார், கணவரின் தங்கை. பட்டறையில் பத்து வருஷம் வண்ணம் நிரப்பியவர். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

தாள் ஒட்டவேண்டிய நேரம் பார்த்து மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. வேறு ஊர். இரண்டு நாள் போய்த்தான் ஆகவேண்டும்.

"நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க அண்ணி. தாள் ஒட்டிக் கரி தட்டுறது எனக்குத் தெரியாதா?" என்றார் நாத்தனார்.

மூன்றாம் நாள் காலை பெயிண்டரம்மா பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாற்பது பேரும் சுவரில் நின்றிருந்தார்கள். கூட்டத்தில் எவர் தோளாவது உரசிக் கரி அழிந்துவிடுமே என்று நாத்தனார் கருப்புப் பெயிண்டால் கோடே போட்டு வைத்திருந்தார். ஒரு நடுக்கமில்லாத அருமையான கோடு.

நாற்பது மூக்கும் இடது பக்கம் பார்த்தன.

பெயிண்டரம்மா பையைத் தரையில் வைத்தார். பிறகு, "தாளை எப்படி ஒட்டினே?" என்றார்.

"நீங்க பென்சில்ல வரைஞ்ச பக்கம் கரி பட்டு அழுக்காயிடக்கூடாதுன்னு அதை உள்பக்கமா வெச்சு ஒட்டினேன். ஏன் அண்ணி?"

"ஒண்ணாம் நம்பர் தாள் எங்கே வந்தது?"

"அது ஒரே குழப்பம். உங்க நம்பர்படி ஒட்டினா ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்ல. ஆறு, அஞ்சு, நாலுன்னு ஒட்டினாத்தான் சேர்ந்துச்சு. பொண்ணு காலேஜ் நெனப்புல அண்ணி நம்பரைத் தலைகீழா போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். கோடு சேருதான்னுதான் பார்த்தேன், மூக்கைப் பார்க்கல." சொல்லும்போதே நாத்தனாரின் குரல் இறங்கியது. சுவரைப் பார்த்தார். பேனா பிடித்தவர்கள் இடது கையில் பிடித்திருந்தார்கள். வாட்ச் எல்லாம் வலது மணிக்கட்டில் இருந்தது. "ஐயோ அண்ணி. கூட்டத்தையே ரிவர்ஸ் எடுத்துட்டேனா?"

படம் அழுக்காகக்கூடாது என்று பொத்திப் பொத்திச் செய்தவரை எப்படித் திட்டுவது? ஆனால் மனசுக்குள் அண்ணன் வந்து நின்றார். திசைகூடத் தெரியாமல் ஒரு சுவர். மீதி எட்டு நாள். வெள்ளை அடித்து, காயவிட்டு, மறுபடி ஒட்டி, கோடு போட்டு, வண்ணம் நிரப்பினால் பாதிதான் முடியும். மீதிப் பாதி வெளிர்பச்சை. தெரிந்துதான் வெள்ளை பெயிண்ட் வாளியைத் திறந்தார். இடது கோடியில், வாசலை ஒட்டி நின்ற ஆளின்மேல் முதல் ரோலரை ஓட்டினார்.

"ஏம்மா, அவரை ஏன் அழிக்கிறே?"

பின்னால் நாற்காலியில் ஒரு பெரியவர். முன்னாள் லாரி ஓட்டுநர், கொம்பு மீசைக்காரர். நாலு வருஷமாக அங்கே வருகிறவர்.

"தப்பா வந்துடுச்சு ஐயா. எல்லாரும் அந்தக் கதவைப் பார்த்துப் போகணும். வாசலைப் பார்த்துப் போறாங்க."

"வாசலைப் பார்த்துத்தான்மா போகணும். கையில கட்டு இருக்கே."

"புரியல ஐயா."

"கட்டு எப்பப் போடுவாங்க? எல்லாம் முடிஞ்ச பிறகு. கட்டுப் போட்டவன் மறுபடி எதுக்கு உள்ள போறான், அவனுக்கென்ன கிறுக்கா? இவங்க முடிச்சுட்டு வீட்டுக்குப் போறாங்க." பெரியவர் தன் போர்வையை மடியில் சரிசெய்துகொண்டார். "முந்தாநாளும் இங்க உட்கார்ந்து இவங்க போறதைப் பார்த்துட்டுத்தான் நான் உள்ள போனேன். நீ எல்லாரையும் உள்ள அனுப்பினா, எடை மெஷின் பக்கத்துல இன்னொரு க்யூதான். அதை நாங்க தெனம் பார்க்கலியா?"

பக்கத்திலிருந்த அம்மாள், "அழிக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

பெயிண்டரம்மா ரோலரை வாளியில் வைத்தார். இரண்டு நாள் இதே கூடத்தில் உட்கார்ந்து பார்த்தும் கட்டு எப்போது போடுகிறார்கள் என்பது அவர் கைக்கு எட்டவில்லை. கை முப்பது வருஷப் பழக்கத்தில் எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டது. நாத்தனாரின் தப்பு அவருடைய தப்பைத் திருத்தியிருந்தது.

"கண்ணைத் துடைச்சுக்கிட்டு சிவப்பைக் கலக்கு" என்றார் நாத்தனாரிடம்.

"நான் எங்க அழுதேன்? கரித்தூள் விழுந்துச்சு."

"ரெண்டு நாளுக்கு முன்னாடி தட்டின கரியா?"

எட்டு நாளும் இருவரும் சுவரைவிட்டு நகரவில்லை. முப்பத்தொன்பது பேர் முடிந்தார்கள். வாசலை ஒட்டி வெள்ளை அடித்த இடத்தில் ஓர் ஆள் குறைந்தது. அங்கே தாள் ஒட்டவில்லை. துளையும் கரியும் இல்லாமல், பெயிண்டரம்மா முதல்முறையாக நேரடியாகச் சுவரில் தூரிகையை வைத்தார். கொம்பு மீசையோடு ஒருவர், மடித்த போர்வையோடு. வாசல்வரை போய்விட்டு முகத்தை மட்டும் கூடத்தின் பக்கம் திருப்பி, நாற்காலிகளைப் பார்க்கிறார். பழைய பாணியில் அப்படி ஒரு முகம் இருந்ததே இல்லை.

"மீசை இன்னும் கொஞ்சம் மேல போகணும்" என்று நாற்காலியிலிருந்து உத்தரவு வந்தது.

பெரிய டாக்டர் வந்து, சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கூடவே நடந்து பார்த்தார். வாசலைத் தாண்டிய பிறகுதான் தான் வெளியே வந்துவிட்டது அவருக்கே தெரிந்தது. வெளிர்பச்சைக்காரர் வேறு சுவருக்கு அனுப்பப்பட்டார்.

பெயிண்டரம்மா அண்ணனுக்குப் போன் செய்து, "சுவர் குடுத்திருக்காங்கண்ணே" என்றார். மறுநாளே அண்ணன் வந்தார். கூடத்துக்குள் காலை வைத்ததும், "தாளைத் திருப்பிப் போட்டுட்டீங்க" என்றார்.

"எத்தனை பேரு பார்த்தாங்க, ஒருத்தரும் கண்டுபிடிக்கல. வந்த உடனே பிடிச்சுட்டாரு பாருங்க" என்று நாத்தனார் முணுமுணுத்தார்.

அண்ணன் நோயாளிகளுக்கு நடுவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே மெஷின்களின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"அந்த ஒருத்தன் ஏன் திரும்பிப் பார்க்கிறான்?"

"மத்தவங்களும் வர்றாங்களான்னு பார்க்கிறாருண்ணே."

அண்ணன் தலையை ஆட்டினார். "போறவங்களையே வரைஞ்சிருக்கோம். அப்பாவும் நானும் எல்லாரும். திரும்பி வர்றவங்களை ஒருத்தரும் வரையல இல்ல?" எழுந்தார். பதினாறாவது ஆளின் அருகே போய் நின்றார். அவன் கையில் ஹெல்மெட் இருந்தது. "அந்தப் பலகை இன்னும் பட்டறையிலதான் இருக்கு. சுவரைப் பார்த்து வெச்சிருந்தேன். இன்னைக்குப் போய் இந்தப் பக்கம் திருப்பிடறேன்."

பட்டறைப் படத்தில் கையெழுத்துப் போடும் வழக்கம் இல்லை. இந்தச் சுவரில் போடலாம் என்றார் பெரிய சிஸ்டர். பெயிண்டரம்மா தூரிகையை நாத்தனாரிடம் நீட்டினார்.

"தப்பு பண்ணினவளுக்குக் கையெழுத்தா? நாளைக்கு யாராவது கேட்டா என்னைத்தானே பிடிப்பாங்க."

"நல்லா பிடிக்கட்டும். திசை உன்னோடது. நீ முதல்ல போடு."

இரண்டு கையெழுத்தும் வாசல் ஓரமாக, தரைக்கு ஒரு சாண் மேலே இருக்கின்றன. இப்போதும் யாராவது பாராட்டினால் பெயிண்டரம்மா சொல்வது ஒன்றுதான்: "சுவர் சிஸ்டர் குடுத்தது. திசை நாத்தனார் குடுத்தது. அவங்க எங்க போறாங்கன்னு சொன்னது அந்த லாரிக்கார ஐயா. நான் மூக்கு மட்டும்தான் போட்டேன்." அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் நினைக்கிறார். பெரியவர் வரும் நாளாகப் பார்த்து மாதம் ஒருமுறை போய் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

தங்கைக்குப் பதில் சொல்லிவிட்டேன்: நாலு மணி நேரம் ஆகும், ஆனால் வந்துவிடுவார்கள். எந்த ஆஸ்பத்திரியிலாவது, எந்தக் கூடத்திலாவது உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். அவரையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.